கட்டத்துக்கு வெளியே ஒரு கால்

இலக்கியமும் சமூகமும் பேசும் ஒரு சஞ்சிகையில் விளையாட்டைப் பற்றி எழுத முற்படுவது பொருந்துமோ என அன்பர் சிலர் ஐயுறக்கூடும். ஆனால் பேனா பிடித்த கைகளிலும் பந்து பிடித்த கைகளே உலகில் அதிகம். மாலை வேளையில் உழைத்துக் களைத்த மக்கள் கூடுமிடம் பெரும்பாலும் நூலகமன்று; மைதானமே. மக்கள் கூடுமிடத்தில் நீதியும் அநீதியும் கூடவே வந்து நிற்கின்றன. அவ்வாறு வந்து நின்ற ஒரு சிறு அநீதியைப் பற்றியே ஈண்டு எழுதுகின்றோம். அதனைச் செய்தவர் வேறெவருமல்லர்; நாமே.

2023ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் திகதி டில்லியில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில், அஞ்சலோ மத்தியூஸ் ஒரு பந்தையேனும் எதிர்கொள்ளாமல் ஆட்டமிழந்ததை நம் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தலைக்கவசத்தின் வார் அறுந்தது. வேறொன்று வரும்வரை அவர் காத்து நின்றார். விதிக்கப்பட்ட இரண்டு நிமிடங்களுள் பந்தை எதிர்கொள்ள ஆயத்தமாகவில்லை என்று பங்களாதேஷ் அணித்தலைவர் முறையிட்டார். மத்தியஸ்தர்கள் சட்டப்படி அவரை வெளியேற்றினார்கள். சர்வதேசக் கிரிக்கெட்டில் அவ்வாறு ஆட்டமிழந்த முதல்வர் அவரே. செய்தி பரவியதும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் எம்மை அழைத்தார். “நீங்கள் மத்தியஸ்தராய் நிண்ட ஆள், சொல்லுங்கோ, இது சரியோ?” என்று கேட்டார். எம்மால் உடனே விடை சொல்ல இயலவில்லை. எமது நினைவு டில்லிக்குப் போகவேயில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், கனடாவில், ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில், ஒரு புழுதி மைதானத்தில், கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்ற பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியிடமே அது போய் நின்றது.

கதையைச் சொல்லுமுன் நாம் அந்த மைதானத்துக்கு எவ்வாறு வந்து சேர்ந்தோம் என்பதைச் சொல்லவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் நாம் கிரிக்கெட் ஆடினோம். பாடசாலை அணியில் இடம் கிடைக்காத பலரைப்போல, கோயில் வீதியிலும் அறுவடை முடிந்த வயலிலும் ரெனிஸ் பந்து கொண்டு ஆடிய ஆட்டம் அது. பின்னர் ஊர்ப் போட்டிகளில் மத்தியஸ்தராக நின்றோம். 1986ஆம் ஆண்டு, எம்மைப் போன்ற ஆயிரக்கணக்கானோரோடு கடல்கடந்தோம். பகலில் பிளாஸ்திக்குப் பொருள் வார்க்கும் தொழிற்சாலையில் வேலை. மகள் வளர்ந்தபோது, அயலிலுள்ள பூங்காவில் பெண்பிள்ளைகள் ஆடும் ஓர் ஆட்டத்தில் சேரவேண்டுமென்று பிடிவாதம் பிடித்தாள். ஆட்டத்தின் பெயர் சொவ்ற்போல். நேராகத் தமிழாக்கினால் மென்பந்தாட்டம். நம் ஊரில் மென்பந்துக் கிரிக்கெட் என்று வழங்குவதோடு இதனை மயக்கிக்கொள்ளக்கூடாது. இது அமெரிக்கப் பேஸ்போலின் தங்கை. கோல் கொண்டு பந்தை அடித்து, நான்கு தரிப்பிடங்களைச் சுற்றி ஓடி வருவது. எல்லே ஆடியவர்களுக்கு இதன் உருவம் சிறிது விளங்கும்.

மகளை ஏற்றி இறக்கிய காலத்தில், மைதானத்தில் மத்தியஸ்தர்கள் போதாமையால் ஆட்டங்கள் தாமதமாவதைக் கண்டோம். பயிற்சி வகுப்புக்குப் போனோம். சட்டப் புத்தகத்தைப் பாராயணம் செய்தோம். முகமூடியும் மார்புக் கவசமும் வாங்கினோம். ஓர் ஆட்டத்துக்குக் கிடைத்த சிறு தொகை பெற்றோல் செலவுக்குப் போதும். எனினும் உண்மை அதுவன்று. தொழிற்சாலையில் பகல் முழுவதும் பிறர் சொற்படி நடந்த எமக்கு, மாலையில் ஒன்றரை மணி நேரம் எமது சொற்படி பிறர் நடப்பதில் ஒரு மயக்கம் இருந்தது. இதனை ஒளிக்காமல் சொல்லிவிடுவதே முறை.

இவ்வாட்டத்தின் பிறப்பும் வளர்ப்பும் நம் வாசகருக்குச் சுவையானவை. 1887ஆம் ஆண்டு நவம்பரில், சிக்காகோவில் ஒரு படகுக் கழகத்தில், ஹாவார்ட், யேல் பல்கலைக்கழகங்களின் காற்பந்துப் போட்டி முடிவுக்காகக் காத்திருந்த கனவான்கள், குத்துச்சண்டைக் கையுறையொன்றைச் சுருட்டிப் பந்தாக்கித் தடியால் அடித்து விளையாடியதே இதன் தொடக்கம். ஜோர்ஜ் ஹன்கொக் என்பவர் அதற்கு விதிகள் வகுத்தார். கனவான்களின் கூடத்தில் பிறந்த பிள்ளையை வளர்த்தெடுத்தவர்கள் ஏழைகளும் தொழிலாளரும் ஆவர். 1895இல் மினியாபொலிசில் தீயணைப்பு வீரர்கள் தம் நிலையத்துக்கு அருகில் இதனை ஆடினார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில், வேலை இழந்தோர் நிறைந்த சிக்காகோ நகரில், கையுறையின்றிப் பெரிய பந்தால் ஆடும் வகை பெருகிற்று. 1933இல் இதற்கெனத் தேசிய சங்கம் ஒன்று அமைந்தது. 1947இல், கனெற்றிக்கட் மாநிலத்தில் வாகனங்களுக்குத் தடுப்புறை செய்யும் தொழிற்சாலையொன்றின் பெயரால் எழுந்த பெண்கள் அணி, பின்னர் நாடு போற்றும் அணியாயிற்று. 1996இல் அற்லாண்டா ஒலிம்பிக்கில் பெண்களுக்கான ஆட்டமாக இது அரங்கேறியது. சிறிய நிலம் போதும், செலவு குறைவு, குடியேறி வந்த மக்களின் பிள்ளைகள் எளிதில் சேரக்கூடியது. ஸ்காபரோவின் பூங்காக்களில் உலகின் எல்லாக் கண்டத்துப் பெயர்களும் ஒரே ஆட்டக்காரர் பட்டியலில் இருப்பதைக் கண்டு நாம் மகிழ்ந்ததுண்டு.

இனி, எமது கதைக்கு வேண்டிய சட்டம்.

பந்தை அடிப்பவள் நிற்பதற்குத் தரையிலே சுண்ணத் தூளால் ஒரு கட்டம் வரையப்படும். அகலம் மூன்று அடி; நீளம் ஏழு அடி. பதினேழு அங்குல அகலமுள்ள மூலத்தட்டுக்கு ஆறு அங்குலம் விலகி அக்கட்டம் இருக்கும். அடிப்பவள் அதற்குள்ளேயே நிற்கவேண்டும். கால் முழுவதும் வெளியே பதிந்திருக்கும் நிலையில் பந்தை அடித்தால் ஆட்டமிழப்பாள். எறிபவள் கையைத் தாழ்வாகச் சுழற்றி எறியும் பந்து, தட்டுக்கு மேலாக, அடிப்பவளின் அக்குளுக்கும் முழங்காலின் மேற்பகுதிக்கும் இடையே சென்றால் அது ‘ஸ்ரைக்’. அடிக்காமல் விட்டாலும் கணக்கில் சேரும். அவ்வெல்லைக்கு வெளியே சென்றால் ‘போல்’. மூன்று ஸ்ரைக் ஆனதும் அடிப்பவள் வெளியேறவேண்டும். நம் வாசகர்கள் ‘ஸ்ரைக்’ என்றதும் வேலைநிறுத்தத்தை நினைப்பார்கள். இங்கே அதன் பொருள் நேர்மாறு. ஒருவர் நின்றுவிட்டாலும் வேலை நிற்காது என்பதே இந்த ஸ்ரைக்கின் இயல்பு.

எறிபவள் ஆயத்தமாக நிற்கும்போது, அடிப்பவள் கட்டத்தைவிட்டு வெளியே கால்வைத்தால் என்ன செய்வது? இதுவே புதிய மத்தியஸ்தர்களை இடறிவிடும் வினா. ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் மத்தியஸ்தர் ஒருவருக்கே உண்டு. இரு கைகளையும் உயர்த்தி ‘ரைம்’ என்று அவர் சொன்னால்தான் ஆட்டம் நிற்கும். அடிப்பவள் கையை உயர்த்துவது வேண்டுகோள், நிறுத்தமன்று. தக்க காரணம் இருந்தால் மத்தியஸ்தர் நிறுத்தலாம். ஆனால் எறிபவளின் கை இயங்கத் தொடங்கிவிட்ட பின்னர் நிறுத்தக்கூடாது. நிறுத்தப்படாத நிலையில் அடிப்பவள் வெளியேறி நிற்க, எறிபவள் முறையாக எறிந்துவிட்டால், மத்தியஸ்தர் அந்தப் பந்தை வழமைபோலவே மதிப்பிடவேண்டும். அடிப்பவளின் அசைவால் எறிபவள் தடுமாறி எறிதலை இடையில் நிறுத்திக்கொண்டால், அது எறிதல் என்றே கணக்கில் வராது. இருவர் மீதும் குற்றஞ் சாட்டாமல் மீண்டும் தொடங்கவேண்டும். வேண்டுமென்றே எறிபவளைத் தடுமாறச் செய்ய அவ்வாறு நடித்தால் எச்சரிக்கை உண்டு.

இச்சட்டத்தில் நுட்பமான ஓரிடம் இருக்கின்றது. அக்குளும் முழங்காலும் அளவுகோல் என்றோம். அடிப்பவள் இல்லாத கட்டத்தில் அக்குள் ஏது, முழங்கால் ஏது? மத்தியஸ்தர் தம் மனத்திலே அவளை நிறுத்திப் பார்க்கவேண்டும். அவள் இயல்பாக நின்றிருந்தால் தோள் எங்கே இருந்திருக்கும், முழங்கால் எங்கே இருந்திருக்கும் என்று உருவகித்து, அந்த உருவத்தினூடாகப் பந்து சென்றதா என்று தீர்ப்புரைக்கவேண்டும். அத்தோடு, இரண்டாவது ஆட்டச்சுற்றுக்குள்ளேயே பிள்ளைகளின் சப்பாத்துக்கள் தேய்த்துத் தேய்த்துச் சுண்ணக் கோடுகள் அழிந்துபோயிருக்கும். அழிந்த கட்டத்தில், இல்லாத உடலுக்கு, ஒரு விநாடிக்கும் குறைந்த நேரத்தில் நீதி வழங்கவேண்டும். பயிற்சி வகுப்பில் இதனைக் கேட்டபோது நாம் வியந்தோம். அங்கில்லாத ஒருவரை அங்கிருப்பவராகக் கொண்டு மதிப்பது எத்துணைப் பெருந்தன்மை என்று எண்ணினோம். அவரை அங்கில்லாதவராக்கியது யார் என்ற கேள்வி அன்று எமக்குத் தோன்றவில்லை.

1998ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஒரு புதன்கிழமை மாலை. மழை பெய்து பல நாளாகியிருந்தது. உட்களம் முழுவதும் உலர்ந்த புழுதி. காற்று அடிக்குந்தோறும் செம்மஞ்சள் திரையொன்று எழுந்து அடங்கியது. ஆட்டச்சுற்றுக்களுக்கு இடையே நாம் குனிந்து, கைத்தூரிகையால் மூலத்தட்டைத் துடைத்தவண்ணம் இருந்தோம்.

ஓர் அணியிலே, ஊரிலிருந்து வந்து ஓராண்டும் ஆகாத ஒரு தமிழ்ச் சிறுமி இருந்தாள். 1995ஆம் ஆண்டின் வலிகாமம் இடப்பெயர்வில் வன்னிக்குப் போய், கொழும்பு வந்து, பின் தாயோடு கனடா சேர்ந்தவள் என்பதைப் பின்னரே அறிந்தோம். தலைக்கவசம் அவளுக்குச் சற்றுப் பெரிது. துடுப்பைக் கிரிக்கெட் மட்டைபோலத் தாழ்த்திப் பிடித்தாள். முதல் முறை அவள் அடிக்க வந்தபோது, கட்டத்தின் எந்தக் கோட்டுக்குள் நிற்பது என்று தெரியாமல் தடுமாறினாள். “இஞ்சை நில் பிள்ளை” என்று தமிழில் சொல்லி இடங்காட்டினோம். அந்த முறை, எல்லையை ஒட்டிச் சென்ற ஒரு பந்தை ‘போல்’ என்று தீர்த்தோம். அத்தீர்ப்பு சரியானதே, இன்றும் அதில் ஐயமில்லை. ஆனால் சுற்று முடிந்ததும் எதிரணிப் பயிற்றுநர் எம்மருகே வந்து, சிரித்துக்கொண்டே, “உங்கள் ஊர்ப் பிள்ளையோ?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர் கெட்டவரல்லர், நகையாகவே கேட்டார் என்று நம்புகிறோம். நாமும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு முகமூடிக்குள்ளே நெடுநேரம் உறுத்திக்கொண்டிருந்தது.

கடைசிச் சுற்று வந்தது. சிறுமியின் அணி ஓர் ஓட்டம் பின்னிலை. இருவர் ஆட்டமிழந்தாயிற்று, இரண்டாம், மூன்றாம் தரிப்பிடங்களில் இரு பிள்ளைகள் காத்து நின்றார்கள். அடிக்க வந்தவள் அவளே. இரண்டு ஸ்ரைக், இரண்டு போல். எறியும் சிறுமி வட்டத்தினுள்ளே நின்று, பந்துபிடிப்பவளின் சைகையை நோக்கிக்கொண்டிருந்தாள். அவளது கைகள் இன்னும் ஒன்று சேரவில்லை.

அப்போது காற்று அடித்தது. எமது முகமூடிக் கம்பிகளினூடும் புழுதி புகுந்தது. கட்டத்திலே நின்றவள் இடக்கையை உயர்த்தினாள். பின்னங்காலை எடுத்து வெளியே வைத்தாள்.

“பொறுங்கோ!”

உரக்கத்தான் சொன்னாள். நாம் அவளுக்கு மூன்றடி பின்னே நின்றோம். எமக்குக் கேட்டது. அதன் பொருளும் விளங்கிற்று. அந்த மைதானத்தில் அது விளங்கக்கூடியவர்கள் மூவர்: அவள், வேலிக்கு அப்பால் நின்ற அவளது தாய், நாம்.

எறிபவளின் கைகள் சேர்வதற்கு அதன்பின் ஒரு விநாடி, ஒன்றரை விநாடி இருந்தது. இரு கைகளை உயர்த்த அது போதுமானது. நாம் உயர்த்தவில்லை. ஏன் உயர்த்தவில்லை என்று கேட்டால், அன்று வேறு காரணங்கள் கூறியிருப்போம். உண்மைக் காரணம் ஒன்றே. தமிழில் எழுந்த வேண்டுகோளுக்கு நாம் செவிசாய்த்தால், அந்தப் பயிற்றுநர் மறுபடியும் சிரிப்பாரே என்ற அச்சம். அந்த ஒன்றரை விநாடியில் நாம் மத்தியஸ்தராக இருக்கவில்லை. எம்மைப் பிறர் எவ்வாறு மதிப்பார் என்று கணக்குப் பார்க்கும் அந்நியனாக இருந்தோம்.

எறிபவள் தயங்கவில்லை. தயங்கியிருந்தால் எமக்குத் தப்ப ஒரு வழி கிடைத்திருக்கும். எறிதல் கணக்கில் வராது என்று கூறி மீண்டும் தொடங்கியிருப்போம். அவளிடம் குற்றம் எதுவுமில்லை. பயிற்சியில் கற்றபடி கையைச் சுழற்றி எறிந்தாள். மற்றவள் கட்டத்துக்கு வெளியே இரு கையாலும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். பந்து தட்டின் நடுவே, முழங்காலுக்குச் சற்று மேலே போயிற்று. பந்துபிடிப்பவள் செவ்வனே பிடித்தாள். இல்லாத உடலை மனத்திலே நிறுத்திப் பார்த்தோம். ஐயத்துக்கு இடமேயில்லை.

“ஸ்ரைக்” என்றோம். ஆட்டம் முடிந்தது.

முகமூடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது தாய் வந்தார். தொழிற்சாலை இரவு வேலைக்குப் போகும் கோலம். கையிலே சாப்பாட்டுப் பை. பிள்ளை பக்கத்தில் நின்றாள். ஒரு கண் சிவந்து நீர் வடிந்தது.

“ஐயா, குறை நினையாதேங்கோ. பிள்ளைக்குக் கண்ணுக்குள்ளை புழுதி விழுந்திட்டுது. பொறுங்கோ எண்டு சொன்னவள். உங்களுக்குக் கேக்கேல்லையோ?”

நாம் அந்தக் கேள்விக்கு விடை கூறவில்லை. “அம்மா, நான் ‘ரைம்’ எண்டு சொல்லுமட்டும் ஆட்டம் நிக்காது. சட்டம் அப்பிடி” என்றோம்.

“அது சரி ஐயா. நீங்கள் எங்கடை ஆள், விளங்கும் எண்டு நினைச்சுத்தான் அவள் தமிழிலை சொல்லியிருப்பாள்.”

அப்போது பிள்ளை இடைமறித்தாள். “இல்லையம்மா. எனக்கு அந்த நேரம் இங்கிலீசு வரேல்லை” என்றாள்.

தாயின் சொல்லைத் தாங்கிக்கொண்டிருப்போம். “எங்கடை ஆள்” என்ற உரிமைக்கு நாம் கட்டுப்பட்டவரல்லர் என்று எம்மை நாமே தேற்றியிருக்கலாம். பிள்ளையின் சொல் அந்த ஆறுதலையும் பறித்துவிட்டது. அவள் எம்மிடம் சலுகை கேட்கவில்லை. நாம் தமிழர் என்பது அந்தக் கணத்தில் அவளது நினைவிலேயே இல்லை. கண்ணில் புழுதி விழுந்த எந்தப் பிள்ளையும் கேட்கக்கூடியதை, அந்நேரம் வாயில் வந்த மொழியில் கேட்டாள். இன்னொரு பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் நாம் ஒரு கணமும் யோசியாமல் கைகளை உயர்த்தியிருப்போம். ஆகவே பட்சபாதம் காட்டக்கூடாதென்று எண்ணியே நாம் பட்சபாதம் காட்டினோம். தமிழ்ப் பிள்ளைக்குச் சார்பாக அன்று. தமிழ்ப் பிள்ளைக்கு எதிராக.

இது மைதானத்தில் மாத்திரம் நிகழ்வதன்று. சிறுபான்மையினரிலிருந்து ஒருவர் சிறு அதிகாரமொன்றைப் பெறும்போது, அவருக்கு முன்னால் இரண்டு குழிகள் இருக்கின்றன. தம்மவருக்குச் சலுகை செய்வது ஒன்று. அதனை எல்லாரும் அறிவர், கண்டிப்பர். தம் நேர்மையை மேலோருக்கு நிரூபிக்கத் தம்மவரிடம் அளவுக்கு மீறிக் கடுமை காட்டுவது மற்றையது. அதனை யாரும் கண்டிப்பதில்லை. கண்டிப்பான மனிதர் என்று புகழவும் செய்வர். கந்தோர் மேசையிலும், தோட்டத்துக் கங்காணியின் பிரம்பிலும், பாடசாலை அதிபரின் அறையிலும் இந்த இரண்டாவது குழியில் விழுந்தோரை நாம் கண்டிருக்கிறோம். அவர்களைப் பற்றி ஏளனமாகப் பேசியும் இருக்கிறோம். முகமூடி அணிந்து நின்ற ஒரு மாலையில் அவர்களின் வரிசையிலே எமக்கும் ஓர் இடம் கிடைத்தது.

அன்றிரவு சட்டப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். எமது தீர்ப்பைப் பிழை என்று சொல்லும் ஒரு வரிகூட அதில் இல்லை. நிறுத்தம் அளிக்கப்படவில்லை, எறிதல் முறையானது, பந்து எல்லைக்குள் சென்றது, ஆகவே ஸ்ரைக். ஆனால் அதே புத்தகம், தக்க காரணத்தோடு அடிப்பவள் இடத்தைவிட்டு அகலும்போது ஆட்டத்தை நிறுத்தும் பொறுப்பை மத்தியஸ்தரிடமே கொடுத்திருந்தது. வேண்டுகோள் எந்த மொழியில் இருக்கவேண்டுமென்று அது கூறவில்லை. பந்தைப் பற்றிய எமது தீர்ப்பு சரி. பந்துக்கு முந்திய எமது மௌனமே பிழை. மௌனத்தை எந்தப் பயிற்றுநரும் மறுத்து முறையிட முடியாது; அது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பதியப்படுவதுமில்லை.

இங்கே எமது பழைய கிரிக்கெட்டின் நினைவு வந்தது. பந்தை எதிர்கொள்பவர் ஆயத்தமாக இல்லாமல், வந்த பந்தை ஆடவும் முயலாதிருந்தால், அதற்குப் போதிய காரணம் இருந்ததென மத்தியஸ்தர் திருப்திப்படும்போது அப்பந்தைச் செத்த பந்தாக்க வேண்டுமென்பது கிரிக்கெட்டின் விதி. அங்கே மத்தியஸ்தருக்கு நிகழ்ந்த பின்னும் திருந்த இடமுண்டு. மென்பந்தாட்டத்தில் பந்து கையைவிட்டுப் புறப்படுமுன்பே அவர் கண்ணையும் காதையும் திறந்திருக்கவேண்டும். பின்னர் இரங்கிப் பயனில்லை. இரண்டில் எது சிறந்த சட்டம் என்று நாம் வழக்காட வரவில்லை. ஒன்றிலே மன்னிக்கும் பொறுப்பு இருக்கின்றது. மற்றதிலே கவனிக்கும் பொறுப்பு இருக்கின்றது. கவனியாதவர் கையில் இரண்டாவது சட்டம் மிகக் கொடியது.

அமெரிக்கப் பெரும் பேஸ்போல் சங்கம் 2023ஆம் ஆண்டு இந்தப் பொறுப்பின் ஒரு பங்கை மணிக்கூட்டிடம் ஒப்படைத்துவிட்டது. எறிபவருக்கு, தரிப்பிடங்கள் வெறுமையாயின் 15 விநாடி. ஓட்டக்காரர் நின்றால் அதனிலும் சற்றுக் கூட. எஞ்சிய நேரம் எட்டு விநாடியாகும்போது அடிப்பவர் கட்டத்தினுள்ளே ஆயத்தமாக இருக்கவேண்டும். தவறினால் பந்து எறியப்படாமலே ஒரு ஸ்ரைக். ஒரு முறை அடிக்க வரும்போது ஒரேயொரு தடவை நிறுத்தம் கேட்கலாம். அவ்வாண்டு பெப்ரவரி 25ஆம் திகதி, புளோரிடாவில் நடந்த ஒரு பயிற்சி ஆட்டத்தில், ஓட்டங்கள் ஆறுக்கு ஆறு என்று சமநிலையில் இருக்க, கடைசிச் சுற்றில் எல்லாத் தரிப்பிடங்களும் நிறைந்திருக்க, அடிப்பவர் பிந்தினார் என்று மூன்றாவது ஸ்ரைக் விதிக்கப்பட்டு ஆட்டமே முடிந்தது. பந்து எறிபவரின் கையிலேயே இருந்தது. இவ்விதியால் 2022இல் மூன்று மணி நான்கு நிமிடமாக இருந்த சராசரி ஆட்டநேரம் அடுத்த ஆண்டு இரண்டு மணி நாற்பது நிமிடமாகக் குறைந்தது. வீணே காலங்கடத்தும் வழக்கம் ஒழிந்தது நன்றே. பார்வையாளர் பலர் வரவேற்றனர். மணிக்கூட்டுக்குத் தன்னவர் பிறர் என்ற பேதம் இல்லை என்பதும் மெய். எம்மை ஆட்டிப்படைத்த அச்சம் அதற்கு இல்லை. ஆயினும் மணிக்கூட்டுக்குக் காது இல்லை. டில்லியில் அறுந்த வாரும் ஸ்காபரோவில் கண்ணில் விழுந்த புழுதியும் அதற்கு ஒன்றே. மனிதர் தவறுவர் என்பதற்காக மனிதரை அகற்றிவிடுவது எளிது. தவறிய மனிதர் ஏன் தவறினார் என்று கேட்பதுதான் கடினம்.

அந்தச் சிறுமியை அதன்பின் இரண்டு ஆட்டங்களில் கண்டோம். மூன்றாவது ஸ்ரைக்கைப் பற்றி அவள் ஒன்றும் பேசவில்லை. நாமும் பேசவில்லை. ஒரு சொல் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். மத்தியஸ்தர் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது முறையோ என்று எண்ணிக் காலத்தைப் போக்கினோம். மறு ஆண்டுப் பட்டியலில் அவளது பெயர் இல்லை. வீடு மாறியிருக்கலாம், தாயின் வேலை நேரம் மாறியிருக்கலாம். எமது தீர்ப்பே காரணம் என்று கூற எம்மிடம் ஆதாரம் இல்லை. அன்று என்று கூறவும் ஆதாரம் இல்லை.

அதன்பின் பதினான்கு ஆண்டுகள் மத்தியஸ்தராக நின்றோம். எமது வழக்கத்தில் ஒன்றை மாற்றிக்கொண்டோம். ஒவ்வொரு எறிதலுக்கும் முன், எறிபவளைப் பார்ப்பதற்கு முன்னதாக, அடிப்பவளின் கால்களைப் பார்ப்போம். பின் அவளது முகத்தைப் பார்ப்போம். அவள் ஆயத்தமாகும்வரை ஒரு கையை எறிபவளை நோக்கி உயர்த்திப் பிடித்திருப்போம். ஆட்டம் தொடங்குமுன் இரு அணிப் பிள்ளைகளையும் மூலத்தட்டருகே அழைத்து, “கண்ணிலே தூசி விழுந்தால், சப்பாத்து அவிழ்ந்தால், பயமாக இருந்தால், கையை உயர்த்துங்கள். எந்த மொழியிலும் சொல்லுங்கள். ஆனால் எமது இரண்டு கைகளும் உயரும்வரை கட்டத்தைவிட்டு அசையாதீர்கள்” என்று சொல்வோம். பிள்ளைகள் சிரிப்பார்கள். பஞ்சாபி, மண்டரின், ஸ்பானியம் எனத் தத்தம் வீட்டுச் சொற்களைக் கூவிப் பார்ப்பார்கள். அவற்றுள் பலவற்றை நாமும் கற்றுக்கொண்டோம்.

நண்பரின் தொலைபேசிக் கேள்விக்கு அன்று விடை சொல்லவில்லை என்றோம். மத்தியூசுக்கு வழங்கிய தீர்ப்பு சட்டப்படி சரி என்றே இன்றும் நினைக்கிறோம். அதனை மறுபடி கேட்டால் அவ்வளவோடு நிறுத்தமாட்டோம். அறுந்த வாரைக் கையிலே பிடித்துக் காட்டியவரின் முகத்தை அந்த நேரம் எவரெவர் பார்த்தார்கள் என்று திருப்பிக் கேட்போம். அதனைக் கேட்கும் தகுதி எமக்கு ஒரு புதன்கிழமை மாலையில் கிடைத்தது. அதற்கு விலை கொடுத்தவள் வேறொருத்தி.